மூளைக்கு வேலை கொடுக்கும் பொழுதுபோக்கு: சுடோகு போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா?

நூலாம்படை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இதுதான் என் முதல் இழை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 47. வேலை கணக்கு வழக்கு சம்பந்தப்பட்டது. இருபது வருடமாக அதே மாதிரி தாள்கள், அதே மாதிரி தப்புகள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளாக மூளை துருப்பிடித்த பூட்டு மாதிரி ஆகிவிட்டது. நேற்று பார்த்தவரின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வர மறுக்கிறது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மருத்துவரிடமும் காட்டியாயிற்று. பரிசோதனையில் ஒன்றும் இல்லை, தூக்கத்தைச் சரி செய்யுங்கள், மூளைக்குப் புதிதாக ஏதாவது வேலை கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒரே குழப்பம், ஏனென்றால் மூன்று வருடமாகத் தினமும் சுடோகு போடுகிறேன். ஆரம்பத்தில் கடினமான கட்டம் என்றால் ஒரு மணி நேரம் ஆகும், இப்போது 12 நிமிடம். கட்டம் முடிந்ததும் எழுந்து சாவியைத் தேட ஆரம்பிக்கிறேன், அதற்கு 20 நிமிடம். அப்படியானால் சுடோகு மூளைக்குப் பயிற்சியே இல்லையா? இருந்தால் ஏன் வேலை செய்யவில்லை? இல்லையென்றால் எதை எடுத்துக்கொள்வது? சதுரங்கமா, புது மொழியா, வாத்தியமா? இரவில் 40 நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

குதிரைத்தாவல்

வாருங்கள் நூலாம்படை, பெயரிலேயே நோயைச் சொல்லிவிட்டீர்களே.

உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆன காலத்தில் அது பயிற்சி. 12 நிமிடத்தில் முடிகிற இன்றைக்கு அது பல் துலக்குவது மாதிரி. எக்ஸ்-விங் (சுடோகுவில் எண்களை நீக்கும் ஓர் உத்தி) வந்தால் கண் தானாகப் பிடிக்கிறது, எந்த வரிசையில் எதை அடிக்க வேண்டும் என்று கை தானாகப் போகிறது, யோசிப்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது?

சதுரங்கத்திலும் இதே கதைதான், நான் 30 வருடமாக ஆடுகிறவன் என்பதால் சொல்கிறேன். 1973-ல் சேஸ், சைமன் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜமான ஆட்டத்திலிருந்து ஒரு நிலையை எடுத்து 5 விநாடி மட்டும் காட்டிவிட்டு மறைத்துவிடுவது, பிறகு காய்களைத் திரும்ப வைக்கச் சொல்வது. மாஸ்டர் பெரும்பாலானவற்றை இடம் மாறாமல் வைத்துவிட்டார், புதிதாக ஆடுகிறவருக்கு நாலைந்து காயைத் தாண்டவில்லை. இதைக் கேட்டதும் சதுரங்கம் ஆடினால் ஞாபக சக்தி கூடும் என்று ஊரெல்லாம் சொல்லத் தோன்றும். ஆனால் அதே காய்களைக் கன்னாபின்னாவென்று அடுக்கிக் காட்டினார்கள், அப்போது மாஸ்டரின் வித்தையும் புஸ்ஸென்று போய்விட்டது. வளர்ந்திருந்தது சதுரங்க ஞாபகம். சாவி ஞாபகத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

விடியல்5மணி

நண்பரே, இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். மூளைப் பயிற்சிக்கென்றே ஆப் இருக்கிறது. காலையில் 15 நிமிடம், நினைவு, வேகம், கவனம் என்று தனித்தனி விளையாட்டு, தினமும் மதிப்பெண் வரும், மூளையின் வயது கூடச் சொல்லும். நான் 41, என் மூளைக்கு 29. முயற்சி செய்து பாருங்கள், நன்றி பிறகு சொல்லலாம்.

சும்மாஒருத்தன்

மூளைக்கு 29 வயது, அதைச் சொன்ன ஆப்புக்கு என்ன வயது?

ரெண்டாம்வாசிப்பு

ஆப் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2010-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் இந்த மாதிரிப் பயிற்சிகள் செய்தார்கள். பயிற்சி செய்த விளையாட்டில் எல்லோரும் தேறினார்கள். பயிற்சி செய்யாத, ஆனால் அதே திறனைக் கேட்கும் வேறு சோதனைகளில் முன்னேற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்தத் துறையின் பெரிய நிறுவனம் ஒன்றின் மீது, மறதி நோயைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி ஆதாரமில்லாத விளம்பரம் செய்ததற்காக நடவடிக்கை எடுத்து, 20 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

ஆனால் மொத்தமாகக் குப்பை என்று ஒதுக்கவும் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. சிலருக்கு நினைவுப் பயிற்சி, சிலருக்குத் தர்க்கப் பயிற்சி, சிலருக்குக் கண்ணில் பட்டதைச் சட்டென்று உள்வாங்கும் வேகப் பயிற்சி, ஆளுக்குப் பத்து அமர்வுதான். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் தர்க்கம், வேகம் இரண்டிலும் பயிற்சி பெற்றவர்கள் அந்தந்தத் திறனில் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். நினைவுப் பயிற்சியின் பலன் மட்டும் அதற்குள் கரைந்து போயிருந்தது. ஆக, எதைத் தீட்டுகிறோமோ அது கூராகும். அரிவாளைத் தீட்டிவிட்டு ஊசி ஏன் கூராகவில்லை என்று கேட்கக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், சாதாரண ஞாபக சக்தி உள்ளவர், வாசிக்கிற எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நம் எல்லோரையும் போல ஏழு இலக்கம். 200 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து 79 இலக்கம் வரை போனார். 1980-ல் இந்த ஆய்வு வெளியானது. ரகசியம் என்னவென்றால் அவர் ஓட்டக்காரர். 3492 என்று காதில் விழுந்தால் அதை 3 நிமிடம் 49.2 விநாடி, மைல் ஓட்டத்தில் உலகச் சாதனைக்குப் பக்கத்தில் வருகிற நேரம், என்று மாற்றி வைத்துக்கொள்வார். அப்புறம் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளை வாசித்தார்கள். பழையபடி ஆறு.

நூலாம்படை

படித்ததும் பாதி நிம்மதி, பாதி கடுப்பு. எதைச் செய்தாலும் அது அதற்கு மட்டும்தான் என்றால் பிறகு எதற்குச் செய்ய வேண்டும்?

சும்மாஒருத்தன்

அப்படிக் கேளுங்கள்! பொழுதுபோக்கு என்றால் பொழுது போக வேண்டும் ஐயா. பிடித்திருக்கிறது என்பதற்காகக் கூட ஒன்றைச் செய்யக் கூடாதா? முன்பெல்லாம் ஒருத்தர் தபால்தலை சேர்த்தால் தபால்தலை பிடிக்கும் என்று அர்த்தம். இப்போது எல்லாவற்றையும் மாத்திரை மாதிரி விழுங்குகிறோம், இது நினைவுக்கு, இது கவனத்துக்கு, இது எழுபது வயதுக்கு. பலனுக்காக மட்டும் தொடங்கிய எதுவும் என் அனுபவத்தில் 3 மாதம் தாண்டியதில்லை. மொழி ஆப் ஒன்றில் 417 நாள் விடாமல் வைத்திருந்தேன், நெருப்புப் படம் எல்லாம் போட்டுப் பாராட்டினார்கள். ஒரு நாள் ரயிலில் அந்த மொழிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். எனக்கு வந்ததெல்லாம் “ஆப்பிள் மேசை மேல் இருக்கிறது” மட்டும்தான். அவர் மேசையைத் தேடினார்.

வில்லும்கம்பியும்

சும்மாஒருத்தன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் பலனே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் 52 வயதில் வயலின் தொடங்கினேன், இப்போது 56.

வயலினில் விரல் வைக்கக் கோடு கிடையாது. கிட்டாரில் இருக்கும் தடுப்புக் கம்பி மாதிரி எதுவும் இல்லை. விரல் ஒரு நூல் இடம் தள்ளினால் சுருதி போய்விடும், போனது உடனே காதில் விழும், அடுத்த நொடியே திருத்த வேண்டும், அதற்குள் வலது கை வில்லின் அழுத்தம் மாறியிருக்கும், கால் தாளத்தை விட்டிருக்கும். முதல் ஆறு மாதம் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பூனை வெளியேறிவிட்டது (திரும்பி வந்தது, ஆனால் வாசிக்கும் நேரம் தெரிந்துகொண்டு வருகிறது).

இந்த 4 வருடத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், ஆய்வு எல்லாம் தெரியாது. சுடோகுவில் தப்பு செய்தால் 20 நிமிடம் கழித்து எங்கேயோ இரண்டு ஏழு ஒரே வரிசையில் நிற்கும்போதுதான் தெரியும். இங்கே தப்பு அந்தக் கணமே முகத்தில் அடிக்கிறது. ஒரு துண்டு கைக்குப் பழகியதும் ஆசிரியர் அதைவிடக் கொஞ்சம் கஷ்டமானதைத் தூக்கிப் போடுகிறார், பழகிய இடத்தில் உட்கார விடுவதே இல்லை. அந்த எரிச்சல்தான், அதாவது முடியும் போலவும் இருக்கிறது, முடியாத மாதிரியும் இருக்கிறது என்கிற எரிச்சல், அது இருக்கும் வரைக்கும் மூளை வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாசித்து முடித்தால் வியர்த்திருக்கும், ஆனால் அலுவலகக் களைப்பு மாதிரி இருக்காது.

பெயர் மறதி போயிற்றா என்றால், இல்லை. வயலின் வாத்தியாரின் மனைவி பெயரை இன்று வரை மூன்று முறை மறந்திருக்கிறேன்.

ரெண்டாம்வாசிப்பு

வில்லும்கம்பியும் சொன்ன எரிச்சலுக்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. 2014-ல் வந்த ஆய்வு ஒன்றில் 60 வயது தாண்டியவர்களைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு டிஜிட்டல் புகைப்படக்கலை, ஒரு கூட்டத்துக்குத் துணித்துண்டுகளைச் சேர்த்து மெத்தை விரிப்பு தைக்கிற வேலை, இன்னொரு கூட்டத்துக்கு இரண்டும் கற்றுக்கொடுத்தார்கள். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். ஒப்பிடுவதற்காக வேறு சிலரை ஒன்றாகக் கூடிப் பேசவும், சுற்றுலா போகவும், விளையாடவும் வைத்தார்கள், ஆனால் புதிதாக எதையும் கற்கத் தேவையில்லை. இன்னும் சிலர் வீட்டில் பாட்டு கேட்பது, சொல் விளையாட்டு என்று தெரிந்ததையே செய்தார்கள். முடிவில், நடந்த விஷயங்களை நினைவில் வைக்கும் திறன் புதிதாகக் கற்றவர்களுக்குத்தான் கூடியிருந்தது, அதிலும் புகைப்படக் கூட்டத்துக்குத் தெளிவாக. கணினியில் படத்தைத் திருத்தும் மென்பொருள் அவர்களுக்குச் சுத்தமாகப் புதிது.

வாரத்துக்கு 15 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள், அது அரை வேலை. உங்கள் 40 நிமிடத்தில் அதே அளவு எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று. 2004-ல் ஒரு சோதனையில் பந்து வீசிப் பிடிக்கும் வித்தையை, மூன்று பந்து, மூன்று மாதம் கற்றுக்கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். அசைவைக் கண்ணால் தொடர்கிற பகுதியில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. பிறகு மூன்று மாதம் பந்தையே தொடவில்லை. ஏறியதில் பெரும்பகுதி இறங்கிவிட்டது.

விடியல்5மணி

அப்போ ஆப் வேண்டாம், பந்து வாங்கச் சொல்கிறீர்கள்? என் மதிப்பெண் ஏறுகிறது, அது கண்ணெதிரே தெரிகிறது. ஆய்வுகளை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

சும்மாஒருத்தன்

மதிப்பெண் ஏறாவிட்டால் நீங்கள் சந்தாவைப் புதுப்பிப்பீர்களா சார்?

மட்டுறுத்துநர்

ஆப் சண்டையில் 9 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் முட்டிக்கொள்ளுங்கள். இங்கே கேட்டவர் கேட்டதற்குப் பதில்.

கிணற்றடி

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். அம்மாவுக்கு 74. சீட்டு என்றால் உயிர், வாரம் மூன்று நாள் தோழிகளோடு உட்கார்ந்துவிடுவார், யாரிடம் என்ன சீட்டு மிச்சம் என்று கடைசிக் கைவரை கணக்கு வைத்திருப்பார். போன வருடம் திடீரென்று போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் “அலுத்துவிட்டது”. பேச்சும் குறைந்தது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. நாங்கள் பயந்து புதிர்ப் புத்தகமாக வாங்கிக் குவித்தோம், ஒன்றையும் தொடவில்லை.

கடைசியில் காதுப் பரிசோதனை செய்தால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்திருக்கிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது யார் என்ன சொன்னார்கள் என்று பிடிக்க முடியவில்லை, தப்பாக இறக்கிவிடுவோமோ என்ற கூச்சத்தில் ஒதுங்கியிருக்கிறார். காதுக் கருவிக்குப் பழக இரண்டு மாதம் ஆயிற்று, இரண்டு முறை கழற்றி எறிந்தார், இப்போது திரும்பப் போகிறார், போன வாரம் ஜெயித்த பெருமையை நாலு பேருக்கு போன் செய்து சொன்னார்.

2024-ல் லான்செட் இதழின் மருத்துவ ஆணையம் மறதி நோய்க்கு, நாம் மாற்றக்கூடிய காரணிகள் என்று 14 பட்டியலிட்டிருந்தது. செவித்திறன் குறைவு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு, உடல் அசையாமல் இருப்பது, ரத்த அழுத்தம், தனிமை எல்லாம் அதில் வருகிறது. மூளைக்குப் புதிர் தேடுவதற்கு முன்னால் காதையும் கண்ணையும் தூக்கத்தையும் பார்த்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நூலாம்படை சார், மருத்துவர் முதலில் சொன்னது தூக்கம். அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள்.

நூலாம்படை

சரியாகப் பிடித்தீர்கள். இரவு ஒரு மணிக்கு முன் தூங்குவதில்லை. சுடோகு அதற்கு ஒரு காரணம்.

குதிரைத்தாவல்

கிணற்றடி சொன்னதில் எனக்கு ஒரு சின்னத் திருத்தம் மட்டும். கூட்டத்தோடு ஆடுவதுதான் நல்லது, தனியாக உட்கார்வது வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஆட்டத்தை விட ஆட்டம் முடிந்த பிறகு தனியாகப் பலகையின் முன் உட்கார்ந்து, என்ஜினை (நகர்த்தல்களை அலசும் சதுரங்க மென்பொருளை) திறக்காமல், எங்கே தோற்றேன் என்று பின்னோக்கி நகர்த்திப் பார்க்கிற அந்த ஒரு மணி நேரம்தான் உண்மையான வேலை. என்ஜின் சொன்னால் ஒரு விநாடியில் தெரியும், ஆனால் தெரிந்தது ஒட்டாது. 23-ஆம் நகர்த்தலில் யானையைத் தப்பான வரிசைக்குக் கொண்டுபோனேன் என்று நானே கண்டுபிடித்தது பத்து வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது.

சதுரங்கம் எடுப்பதாக இருந்தால் ஒன்று மட்டும், மூன்று நிமிட ஆட்டம் பக்கம் போகவே போகாதீர்கள். அது வேறு வியாதி.

நாள்மலர்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன், எல்லோரும் வெளியே இருக்கிற பொருளையே தேடுகிறீர்கள், பந்து, பலகை, வில். நாம் எழுதுகிற இந்த மொழியே ஒரு பெரிய புதிர்ப்பெட்டி, அதை யாரும் சொல்லவில்லையே.

நான் ஓய்வு பெற்ற பிறகு வெண்பா எழுதப் பழகினேன். பெரிய கவிதாயினி எல்லாம் இல்லை, எழுதியதில் முக்கால்வாசி குப்பை. ஆனால் விதிகளைப் பாருங்கள். நாலடி வெண்பா என்றால் மூன்று அடிக்கு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்று, மொத்தம் 15 சீர். ஒரு சீர் அடுத்த சீரோடு சேர்வதற்கும் விதி உண்டு, அதற்குப் பெயர் தளை: மா முன் நிரை வர வேண்டும், விளம் முன் நேர், காய் முன் நேர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலில் ஒரு வாய்பாட்டில் முடிய வேண்டும், என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். இதற்கு நடுவில் எதுகையும் மோனையும். இவ்வளவுக்கும் பிறகு அர்த்தமும் இருக்க வேண்டும் என்பதுதான் கொடுமை! ஒரு சொல்லை மாற்றினால் அடுத்த சீரோடு தளை தட்டும், அதை மாற்றினால் எதுகை போகும், அதைப் பிடித்தால் சொல்ல வந்த விஷயம் வேறாகிவிடும். துணி காயப்போடும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, மனசு தானாகச் சீர் பிரித்துக்கொண்டே இருக்கும். பெட்டி, கட்டணம், இணையம் ஒன்றும் தேவையில்லை.

வெண்பா மிரட்டினால் குறுக்கெழுத்து இருக்கிறது. போடுவது இல்லை, உருவாக்குவது. போடுகிறவருக்கு ஒரு பங்கு வேலை என்றால் கட்டுகிறவருக்குப் பத்துப் பங்கு. தமிழில் அது இன்னும் கடினம், ஏன் தெரியுமா? ஒரு கட்டத்துக்குள் உயிர்மெய் முழுதாக உட்காருகிறது. ‘கி’ என்றால் குறுக்கிலும் கி, நெடுக்கிலும் கி, வேறு ககர எழுத்து எதுவும் உதவாது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது, ஆனால் நிறைய சொற்கள் ம், ல், ன் என்று புள்ளியில்தான் முடியும். அதனால் ஒரு சொல்லின் கடைசிக் கட்டத்தை இன்னொரு சொல்லின் முதல் கட்டமாக வைக்கவே முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். 7-க்கு 7 கட்டம் ஒன்றை நிரப்பிப் பாருங்கள், புரியும்.

அப்புறம் குறிப்பு எழுதுவது இருக்கிறதே, அதில்தான் சுவையே. நேராகக் கேட்டால் சப்பென்று இருக்கும், பொடி வைத்துக் கேட்க வேண்டும். “தோளில் விழுந்தால் மரியாதை, வானில் விழுந்தால் இருட்டு (2)”. கண்டுபிடியுங்கள்.

கிணற்றடி

மாலை! அக்கா, இன்னொன்று போடுங்கள்.

சும்மாஒருத்தன்

நான் நிலா என்று நினைத்துத் தோளில் நிலா எப்படி விழும் என்று அரை மணி நேரம் குழம்பினேன். இதைத்தான் பொழுது போவது என்கிறேன்.

நூலாம்படை

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

நூலாம்படை (இரண்டரை மாதம் கழித்து)

வந்துவிட்டேன். யாராவது இன்னும் இந்த இழையில் இருக்கிறீர்களா?

முதலில் சதுரங்கம் எடுத்தேன், குதிரைத்தாவல் கோபித்துக்கொள்ளாதீர்கள், எச்சரித்தும் கேட்கவில்லை. முதல் வாரம் நிதானமாக ஆடினேன். இரண்டாம் வாரம் பத்து நிமிட ஆட்டம். மூன்றாம் வாரம் இரவு இரண்டு மணிக்கு மூன்று நிமிட ஆட்டத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் தொடர்ந்து ஏழு முறை தோற்றுவிட்டு எட்டாவதுக்கு அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் அலுவலகத்தில் ஒரு கூட்டல் பிழை விட்டேன், இருபது வருடத்தில் அந்த மாதிரிப் பிழை விட்டதில்லை. அன்றே கணக்கை அழித்தேன். குறை சதுரங்கத்தில் இல்லை, எனக்கு அந்த நேரத்தில் அது ஆகாது.

அப்புறம் நாள்மலர் அம்மா சொன்ன குறுக்கெழுத்து. வேலை முடிந்து வந்ததும் செய்கிறேன், பத்து மணிக்கு மேல் தாளைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். முதல் 7-க்கு 7 கட்டத்தை நிரப்ப 11 மாலைகள் ஆயிற்று. வலது கீழ் மூலையில் ‘ம்’ வந்து முட்டிக்கொண்டு நான்கு நாள் நகரவில்லை, கோபத்தில் முழுக் கட்டத்தையும் அழித்துவிட்டு இரண்டாம் முறை தொடங்கினேன். அகராதியை மேய்கிறேன், 47 வயது வரை கேள்விப்படாத சொற்கள் வருகின்றன. முடித்ததைத் தங்கைக்கு அனுப்பினேன், வருடத்துக்கு நாலு முறை நலம் விசாரிப்பதோடு சரி என்று இருந்தவள். அன்று ராத்திரியே போன் வந்தது, “அண்ணா, 5 நெடுக்கு அநியாயம், அந்தச் சொல் உலகத்திலேயே இல்லை” என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் சண்டை. அகராதியைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டாள். இப்போது அவளும் கட்டுகிறாள், மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறோம். அவளுடைய குறிப்புகளில் விஷம் அதிகம்.

மறதி பற்றிக் கேட்பீர்கள். தூக்கம் ஏழு மணி நேரம் ஆன பிறகு தலை கொஞ்சம் தெளிவாக இருக்கிறது, அது குறுக்கெழுத்தாலா தூக்கத்தாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, தூக்கம்தான் என்று தோன்றுகிறது. பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. சாவிக்குக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துவிட்டேன், அந்தப் பிரச்சினை முடிந்தது.

ரெண்டாம்வாசிப்பு

ஆணிதான் இந்த இழையின் சிறந்த ஆய்வு முடிவு.

வில்லும்கம்பியும்

அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன் என்றீர்களே, அங்கேதான் பிடித்துக்கொண்டது. வாழ்த்துகள். மூன்றாவது நான்காவது கட்டம் சுலபமாகிவிட்டால் 9-க்கு 9 போங்கள், இல்லாவிட்டால் மறுபடி 12 நிமிடக் கதைதான்.

நாள்மலர்

அம்மாவா? நான் கிணற்றடிக்கு அக்கா, உங்களுக்கு மட்டும் அம்மாவா! சரி போகட்டும். நீங்கள் கட்டிய குறிப்பில் ஒன்றை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

நூலாம்படை

தங்கைக்கு இரண்டு நாள் பிடித்தது இது. ஐந்து எழுத்து, புள்ளி எழுத்தையும் ஒரு கட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள்:

“மரத்துக்குள்ளே முடிவில்லாத கதவு, பச்சையாக மின்னுகிறது (5)”

சும்மாஒருத்தன்

பச்சோந்தி. மரத்தில் இருக்கும், பச்சையாக இருக்கும், ஐந்து எழுத்து. எண்ணிப் பார்த்துவிட்டேன். அடுத்தது?

நூலாம்படை

எண்ணிக்கை சரி. கதவு எங்கே?

சும்மாஒருத்தன்

பச்சோந்திக்கு எதற்குக் கதவு?

நாள்மலர்

ஆகா, நன்றாக இருக்கிறது. சொல்ல மாட்டேன். சும்மாஒருத்தன் தம்பி, கதவைத் திறக்க வேண்டாம், கடைசி எழுத்தைக் கழற்றுங்கள்.

குதிரைத்தாவல்

பிடித்துவிட்டேன். மரத்தைப் பிளந்து நடுவில் வைத்திருக்கிறார். இதற்கு மேல் சொன்னால் விடையாகிவிடும்.

சும்மாஒருத்தன்

யாரும் சொல்லிவிடாதீர்கள். நான் இன்னும் மரத்தடியில்தான் நிற்கிறேன்.